இருவரும் சம்மதித்துப் பெறும் மணவிலக்கு: செலவு எங்கே குறையும்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். பதிவுத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு வயதில் மகள் இருக்கிறாள். நானும் கணவரும் சண்டை சச்சரவின்றிப் பிரிந்துவிட முடிவு செய்துள்ளோம். ஒரு வழக்கறிஞர் 4,500 ரிங்கிட் கேட்கிறார். முகநூல் விளம்பரம் ஒன்றோ, நீதிமன்றத்திற்கே வராமல் 1,800 ரிங்கிட்டில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. அதை நம்பலாமா?

பதில்: சகோதரி, முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கடந்த தம்பதியர், ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டாமல், உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு தாக்கல் செய்யலாம். ஒருதலை மனுவுக்கு முன் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவிடம் செல்லவேண்டிய கட்டாயமும் கூட்டு மனுவுக்குக் கிடையாது.

அந்த விளம்பரத்தை நான் நம்பமாட்டேன். கூட்டு மனு விசாரணையில், நேரிலோ காணொளி வழியாகவோ, கணவன் மனைவி இருவரும் நீதிபதியின் முன் தோன்றித் தங்கள் சம்மதத்தை உறுதிப்படுத்துவதே வழக்கம். பணம் கேட்பவர் தொழில் புரியும் உரிமம் பெற்ற வழக்கறிஞர்தானா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 4,500 ரிங்கிட் கேட்பவரிடமும், மனுத் தாக்கல் கட்டணம், சத்தியப் பிரமாணச் செலவு, சேவை வரி ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில் பணம் கரைவது, வழக்கறிஞரின் மேசைக்கு முன் அமர்ந்து பேரம் பேசும்போதுதான். ஆகவே முதலில் வீட்டிலேயே இருவரும் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். "மகளின் செலவைத் தேவைக்கேற்பத் தந்தை ஏற்பார்" என்ற வரியால் பயனில்லை; எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், எவ்வளவு தொகை என்று எழுதி, அதை நீதிமன்ற ஆணையில் சேர்த்தால்தான், பணம் வராதபோது ஆணையைக் காட்டி வசூலிக்க முடியும். மகள் யாருடன் வசிப்பாள், பள்ளி விடுமுறையிலும் தீபாவளியிலும் யாரிடம் இருப்பாள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: வீடு உங்களுக்கு என்று ஆணை சொன்னாலும், வங்கி தன் ஒப்பந்தத்தின்படி இருவரிடமும் தவணையைக் கேட்கும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி ஒப்புக்கொள்ளுமா என்பதைக் கையெழுத்திடுமுன் விசாரியுங்கள்.

ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் மனு தயாரிக்கலாம்; செலவு குறையும். ஆனால் விட்டுக்கொடுக்கும்படி உங்களை யாரேனும் நெருக்குவதாகத் தோன்றினால், ஆவணத்தை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் சிறு செலவுக்குத் தயங்கவேண்டாம். வருமானம் குறைவென்றால், அரசின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடுங்கள். இரண்டும் வருமானத்தைப் பார்த்தே உதவும்.

முதலில் கிடைப்பது இடைக்கால ஆணைதான். காலத்தைக் குறைக்க நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, மூன்று மாதங்களுக்குப் பிறகே அது இறுதியாகும்; அதுவரை மறுமணம் செய்ய முடியாது. இறுதி ஆணை கிடைத்ததும், அதன் சான்றுபெற்ற நகலை வாங்கிவைத்து, ஊழியர் சேமநிதியிலும் காப்புறுதியிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள்.