4294967297 பகா எண்ணா?

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் 4294967297 என்று எழுதிக்கொண்டு வந்து, "இது பகா எண்ணா டீச்சர்?" என்று கேட்டான். 2, 3, 5 என்று தொடங்கி 97 வரை வகுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. பகா எண் என்று சொல்லிவிடலாமா? இலக்கங்களைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இல்லையா?

அன்புள்ள டீச்சர்,

சொல்லிவிடாதீர்கள். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவதுதான் பகா எண். இது வேறு எண்ணாலும் வகுபடும், அதாவது பகு எண். பகா எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டே போயிருந்தால் 116-ஆவதாக 641 வந்திருக்கும். அது மீதியில்லாமல் வகுக்கும். 97 என்பது 25-ஆவது பகா எண்தான். பாதி வழிகூட நீங்கள் போகவில்லை.

இலக்கங்கள் சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. 10-ஐ 9-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். 100, 1000 எல்லாவற்றுக்கும் அதே கதை. அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினாலே 3-ஆலும் 9-ஆலும் வகுபடுமா என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் எண்ணின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3 போகாது. 641-க்கு இப்படிக் கைக்கு அடக்கமான குறுக்குவழி கிடையாது.

என் அப்பா உங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் எடைக்கணக்கு எழுதியவர். சிட்டையின் மொத்தத்தையும் பேரேட்டின் மொத்தத்தையும் ஒன்பது நீக்கி, அதாவது இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைக் கழித்து மிஞ்சுவதை வைத்து, ஒப்பிடுவார். ஒருநாள் ஒரு அம்மாவின் 52 கிலோவை 25 என்று ஏற்றிவிட்டார். வித்தியாசம் 27, ஒன்பதின் மடங்கு. சோதனை சரியென்றே சொன்னது. சம்பள நாளில் அந்த அம்மா வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுக்குத் தெரியாது என்பதை எனக்கு அவர்தான் எழுதிக் காட்டினார்.

உங்கள் மாணவனின் எண்ணுக்குப் பெரிய வரலாறு உண்டு. 32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது அது. இரண்டுகளின் எண்ணிக்கையை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித அறிஞர் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் அதை உடைத்தார். அவர் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் வியப்புதான்: இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுக்கும்போது 1 மிஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடுகிறது!

வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம்கூட. 625 என்பது நான்கு ஐந்துகளின் பெருக்கல், 16 நான்கு இரண்டுகளின் பெருக்கல். 641-இன் இந்த இரண்டு வடிவங்களையும் இணைத்துப் பார்த்தால், அது மீதியில்லாமல் வகுக்கும் என்பது வந்துவிடும். ஆனால் ஆறாம் ஆண்டுக்கு அது வேண்டாம். கரும்பலகையில் நெடுவகுத்தலே போடச் சொல்லுங்கள். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போக 2 மிஞ்சும். கொஞ்சம் கழித்து அதே 448 மறுபடி மீதியாக வரும். இந்த முறை இறங்குவது 7. 4487. ஏழு முறை போகும், ஒன்றும் மிஞ்சாது. மேலே 6700417 என்று நிற்கும்.