பொது அறிவை எங்கிருந்து தொடங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாம்பனில் மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கேட்பதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. நாலு பேர் கூடி உலக விஷயம் பேசினால் நான் வாயே திறப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேள்விகள் உள்ள பொது அறிவு வினா-விடைப் புத்தகம் ஒன்றை வாங்கி இரண்டு முறை படித்தேன். ஒன்றும் தங்கவில்லை. கலைக்களஞ்சியத்தை முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்கலாமா? வேறு எந்தப் புத்தகங்களை எந்த வரிசையில் எடுப்பது? இயர்புக் வருஷாவருஷம் வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வரிசையாகப் படிக்க வேண்டாம். கலைக்களஞ்சியத்தை அகரவரிசையில் அடுக்கியிருப்பது தேடி எடுப்பதற்காக. அடுத்தடுத்த இரண்டு கட்டுரைகளுக்குள் முதலெழுத்தைத் தவிர வேறு உறவு இருக்காது. அப்படிப் படித்தால் வினா-விடைப் புத்தகத்தில் நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

அது தங்காமல் போனதற்கு உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். 'மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த ஆண்டு 1986' என்று ஒரு பக்கத்தில் இருக்கும். இன்னொரு பக்கத்தில் 'மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989' என்று இருக்கும். இரண்டும் ஒன்றா வேறா என்று அந்தப் புத்தகம் சொல்லாது. பூங்கா என்பது தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப் பாறைகளும் அடங்கிய 560 சதுர கிலோமீட்டர். அங்கே கட்டுப்பாடு கடுமை. காப்பகம் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர், அதற்குள் ஊர்களும் மீன்பிடிப்பும் உண்டு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் ஆண்டுகள் இரண்டும் தாமாக நிற்கும்.

எனவே ஏற்கெனவே கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து கேள்வியை எடுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கிறது, வடகடல் அடங்கிக் கிடக்கிறது. வாடை என்னும் வடகிழக்குக் காற்று வந்தால் தலைகீழ். இது உங்களுக்குப் புதிதல்ல. ஏன் என்று கேட்டு, நீங்கள் நினைக்கும் காரணத்தை முதலில் நோட்டின் இடப்பக்கம் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் எழுதுங்கள். ஊகம் எழுதாமல் படித்தால், படித்தது ஏற்கெனவே தெரிந்ததுபோலத் தோன்றி நழுவிவிடும்.

பிறகு 'பருவக்காற்று' என்ற தலைப்பைத் தேடுங்கள். கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடற்காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசுகிறது. இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ராமேஸ்வரம் தீவும் தனுஷ்கோடி மணல்திட்டும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. தென்மேற்குக் காற்று தென்கரையில் மோதுகிறது, வடபக்கத்தை நிலம் மறைக்கிறது. மழைக்காலத்தில் காற்று திசை மாறியதும் ஆழம் குறைந்த வடகடல் எளிதில் பொங்குகிறது. இதை வலப்பக்கம் எழுதி, எந்த நூல், எந்த ஆண்டுப் பதிப்பு என்றும் குறியுங்கள்.

இங்கிருந்து அடுத்த கட்டுரை இதே பருவக்காற்றைப் பிடித்து வந்த கடல் வணிகம். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து கிளம்பிய கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பின. அதற்கடுத்தது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. வைகை கடலில் சேரும் பகுதியில் உள்ள அழகன்குளத்து அகழாய்வில் ரோமானிய நாணயங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. காற்றில் தொடங்கி மூன்று கட்டுரைகளில் ரோமாபுரிக்குப் போய்விட்டீர்கள். ஒரு கேள்விக்கு மூன்று கட்டுரை போதும். ஐந்து, ஆறு என்று இழுத்துக்கொண்டே போனால் தொடங்கிய கேள்வி மறந்துவிடும். மூன்று நாள் கழித்து நோட்டை மூடிவைத்து மகளிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

புத்தகங்களுக்கு வருகிறேன். முதலில் 8, 9, 10ஆம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்கள். எட்டாம் வகுப்புப் புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது, மற்றவை இணையத்தில் இலவசம். முழுக்கப் படிக்க வேண்டாம். தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு வாக்கியம் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்ல வராத தலைப்பில் பென்சிலால் ஒரு கோடு. கோடு விழுந்தவைதாம் உங்கள் இடைவெளிகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்களுக்கு வேலை குறைவாக இருந்தால் இதை அப்போது முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, பெரிய கலைக்களஞ்சியத்துக்கு முன் குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதிகள். வளர்ந்தவர்கள் கூச்சப்பட்டு இதைத் தாண்டிப்போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடிப்படையை இவ்வளவு எளிய தமிழில் சொன்ன நூல்கள் குறைவு. இதற்கும் பெரியதற்கும் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பெரிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாவது 1963, இணைப்பாகப் பத்தாவது 1968. நூலகங்களில் இவற்றைப் பொதுவாக வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கவும் வழி உண்டு.

இதில் தடுக்கி விழும் இடம் ஆண்டு. முதல் ஒன்பது தொகுதிகளும் வந்து முடிந்தபின், 1964 டிசம்பர் புயலில்தான் தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே அந்தத் தொகுதிகளுக்கு அது ரயிலும் கப்பலும் வந்துபோன ஊர். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969இல். சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1985இல். புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீங்கியது 2006இல். இயற்பியலைப் பௌதிகம் என்றும் வேதியியலை இரசாயனம் என்றும் தேடினால் சில கட்டுரைகள் அகப்படும். மைல் கண்டால் 1.6ஆல் பெருக்கிக் கிலோமீட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். கடல் ஓதம் ஏன் ஏறி இறங்குகிறது, பவளம் எப்படி வளர்கிறது என்பவற்றின் அடிப்படைக்குப் பழைய நூலை நம்பலாம். மக்கள்தொகை, எல்லை, பதவி, விலை இவற்றுக்கு நம்பக்கூடாது.

புராண, இலக்கியப் பெயர்களுக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அந்தச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் உங்கள் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபோடு உறவுள்ளவர். ஒரு பெயர் எந்தக் கதையில் வருகிறது என்று பார்க்க அதற்கு இணையில்லை. ஆனால் புராணமும் சரித்திரமும் அதில் அடுத்தடுத்துக் கலந்தே வரும். ஆட்சி ஆண்டுகளுக்கு அதை எடுக்காதீர்கள்.

கூடவே ஒரு பள்ளி அட்லஸ் வேண்டும். பாம்பனுக்கு மிக அருகில் 9 டிகிரி வட அகலக்கோடு ஓடுகிறது. அதன்மேல் விரல் வைத்து மேற்கே போங்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வரும், அட்லாண்டிக்கைத் தாண்டினால் பனாமா கால்வாய் வரும். அடிஸ் அபாபா இதே கோட்டில் இருந்தும் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? அது கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும்.

வரலாற்றுக்கு ஒரு காகிதத்தில் 25 சென்டிமீட்டர் கோடு போட்டு, சென்டிமீட்டருக்கு ஒரு நூற்றாண்டாகக் கி.மு. 500 முதல் கி.பி. 2000 வரை பிரியுங்கள். கடைசி இரண்டு சென்டிமீட்டரில் நெரிசல் தாங்காது. அதனால் 1800க்குப் பிறகானதற்குத் தனித்தாள், பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. அதே ஆண்டின் நடுவில் முதல் உலகப் போர் மூண்டது. தனுஷ்கோடிப் புயலும் நேருவின் மறைவும் 1964. இப்படி இரண்டு செய்திகள் ஒரே புள்ளியில் விழுந்தால் ஆண்டை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

நூலுக்கு நூல் எண்கள் மாறும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன, அவற்றையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்பதில்தான் வித்தியாசம். இரண்டு எண் கிடைத்தால் இரண்டையும் எழுதி, எதை எண்ணினார்கள் என்று தேடுங்கள்.

இயர்புக் வருஷாவருஷம் வேண்டாம், இரண்டு ஆண்டுக்கு ஒன்று போதும். 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதில் 2011க்குப் பிந்தைய மக்கள்தொகை எண்ணைக் கண்டால் மதிப்பீடு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதவிகள், விருதுகள், விளையாட்டு இந்த மூன்றும் சீக்கிரம் மாறுபவை, அவற்றை நாளிதழில் பார்த்து இயர்புக்கின் ஓரத்திலேயே தேதியோடு திருத்திவிடலாம். புதிய பதிப்பு வாங்கும் பணத்தை அட்லஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அச்சான, பின்னால் இடப்பெயர் அகராதி உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத அட்லஸில் ஊரைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

அன்புடன்.