அடியில இருக்கிற 47 வருஷம் இல்லீங்க!

கேள்வி: சார், எங்க மாமனார் குவைத்துல வேலை பாத்துட்டு ஊரோட வந்தப்ப தேன் கலர்ல கண்ணாடி கப்பும் சாஸரும் ஆறு செட்டு கொண்டாந்தாராம், இப்ப நாலு கப்பும் ஆறு சாஸரும்தான் மிச்சம். கப்பு அடியில டூராலெக்ஸ், மேட் இன் ஃபிரான்ஸ்னு போட்டு 47னு ஒரு நம்பரும் இருக்கு. 1947ல செஞ்சதுதானே? பெங்களூர்க்காரர் ஒருத்தர் மொத்தமா கேக்குறாரு, குடுத்துடலாமா, இல்ல குறையுற ரெண்டு கப்ப தேடி சேக்கலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆசையா கேட்டிருக்கீங்க தங்கச்சி, ஆனா அது வருஷம் இல்ல, அச்சு நம்பர், அதாவது கப்பு வார்க்குற அச்சோட நம்பர். ஃபேக்டரில ஒரே கப்புக்கு பல அச்சு ஓடும், எதுலயாவது குறை வந்தா எந்த அச்சுல வந்துச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் அந்த நம்பர். உங்க நாலு கப்பையும் கவுத்து பாருங்க, வேற வேற நம்பர் இருந்தாலும் செட்டு செட்டுதான், பயப்படாதீங்க. ஃபிரான்ஸ்ல ஸ்கூல் பசங்க சாப்பாட்டு நேரத்துல கிளாஸ கவுத்து 'எனக்கு 12 வயசு, உனக்கு 35'னு விளையாடுவாங்க, அதுவும் இதே நம்பர்தான்! டூராலெக்ஸ்ங்கிற கண்ணாடி பிராண்டு பேரே 1945லதான் வந்துச்சு. வயசு தெரியணும்னா மாமனாரோட பழைய பாஸ்போர்ட்ட எடுங்க, அவர் திரும்பி வந்த வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுன்னு அடிச்சு சொல்லலாம்.

ஜோடி சேக்குறதுல ஏமாறுறது கலர்லதான். நானே பெங்களூர் சிக்பேட்டை பக்கம் ஞாயித்துக்கிழமை சந்தையில மஞ்ச பல்பு வெளிச்சத்துல ரெண்டு கப்பு வாங்கிட்டு வந்து, காலையில வெயில்ல வெச்சா ஒண்ணு தேன், ஒண்ணு கடுங்காப்பி. அதனால உங்க சாஸர் ஒண்ண கையோட எடுத்துட்டு போங்க, வெள்ளை பேப்பர் மேல ரெண்டையும் பக்கத்துல வெச்சு பகல் வெளிச்சத்துல பாருங்க, சாஸர் நடுக்குழியில கப்பு ஆடாம உக்காருதான்னும் பாருங்க. விளிம்புல நகத்த ஓட்டுங்க, சின்னதா பேந்திருந்தாலும் வேண்டாம், இது டெம்பர் பண்ண (சூடாக்கி சட்டுனு ஆற வெச்சு உறுதியாக்குன) கண்ணாடி, உடைஞ்சா ரெண்டு துண்டா போகாது, பொடிப்பொடியா சிதறும். டெம்பர் பண்ணதுதானான்னு பாக்க ஒரு வழி இருக்கு, லேப்டாப்ல வெள்ளை ஸ்கிரீன் வெச்சு அதுக்கு முன்னாடி கப்ப பிடிச்சு போலராய்ட் கூலிங்கிளாஸ் போட்டு பாருங்க, கண்ணாடிக்குள்ள கலர் கலரா திட்டு தெரியும்.

விக்குறத பத்தி கேட்டா, தேன் கலர் டூராலெக்ஸ்காரங்க ஏகப்பட்டது செஞ்சாங்க, அபூர்வம்லாம் இல்ல. நானா இருந்தா அதுல டீ குடிப்பேன்.

கேள்வி: பாட்டியோட கண்ணாடி டம்ளர் எல்லாம் வெள்ளையா மூடிப்போச்சு, எப்படி கழுவுனாலும் போகல. வீணாயிடுச்சா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: போர் தண்ணியில கழுவுனீங்கன்னா பெரும்பாலும் சுண்ணாம்பு உப்புதான், நம்ம தருமபுரி பக்கம் வீட்டுக்கு வீடு இந்த கதை. வெள்ளை வினிகர்ல ஒரு மணி நேரம் ஊற போட்டு மெத்துனு துணியால தேய்ங்க. அப்பவும் போகலன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, கம்பி நாரு போட்டு இன்னும் கெடுத்துடாதீங்க. விளிம்புல தங்க கோடு இருந்தா அந்த இடம் வினிகர்ல முங்க வேண்டாம்.