பண்டிலுக்கு ஒருமுறை எழுந்திருங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்டு. ஆறேழு மாதமாக அடிமுதுகில் வலி. காலையில் எழும்போதும், மெஷினை விட்டு எழும்போதும் உயிர் போகிறது. வலி காலுக்கு இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியாரோ, மூன்று மாதம் படுத்து ஓய்வெடுக்காவிட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, திருப்பூர்

பதில்: மருமகளை மூன்று மாதம் படுக்கச் சொல்லும் மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்! ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 1986-இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களில் சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலாக எந்தப் பலனும் இல்லை, லீவுதான் அதிகமானது. படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் வலுவிழக்கும். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலும் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. அது சற்றுப் பிதுங்கியிருப்பதைத்தான் 'பல்ஜ்' என்கிறார்கள். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நரையைப் போல வயதோடு வருகிற மாற்றம்தான் இது பெரும்பாலும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது மெஷின்தான். ஓவர்லாக் டெய்லர்களுடைய முதுகை நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகில்லாத ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, ஊசியைப் பார்க்கக் கூனி, ஒரு காலைப் பெடலில் வைத்தே பல மணி நேரம். போதாததற்கு பண்டில், அதாவது தைக்க வேண்டிய வெட்டுத்துணிக் கட்டு, இடப்பக்கம் தரையில் கிடக்கும். எழாமலே குனிந்து, திரும்பி, அதை இழுப்பார்கள். குனிவதும் திரும்புவதும் ஒரே சமயத்தில் நடப்பது டிஸ்குக்குப் பெரும் பாரம். உதவிக்கு நிற்கும் கைமடியிடம் சொல்லி, பண்டிலை ஒரு பெட்டிமேல் தொடை உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். ஸ்டூலை மெஷினுக்கு நெருக்கிப் போட்டு, பெடலையும் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்டில் முடியும்போதும் எழுந்து நில்லுங்கள். இடுப்பில் கைவைத்து நாலைந்து முறை பின்னால் வளைந்துவிட்டு உட்காருங்கள். கால் நிமிடம்கூட ஆகாது, சூப்பர்வைசர் முறைக்குமுன் முடிந்துவிடும்.

காலையில் எழும்போது வலிப்பதற்கும் காரணம் உண்டு. இரவில் டிஸ்குகள் நீரை உறிஞ்சி விறைத்திருக்கும். அதனால் எழுந்தவுடன் இடுப்பை வளைத்து வாசல் கூட்டுவதும் கோலம் போடுவதும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் நின்று செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். கோலம் கொஞ்சம் தாமதமாகப் பூத்தால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். குடம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, குடத்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

பயிற்சி இரண்டு போதும். சாயந்திரம் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கி இரண்டு நிமிடம் இருங்கள். வலி முதுகின் நடுக்கோட்டுப் பக்கமாக ஒதுங்கினால் நல்லது. பிட்டம், கால் என்று இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அடுத்து, குழந்தை தவழ்வதுபோல் இருந்து வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, பக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்கு ஐந்து. இடுப்பு ஆடக்கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும்.

அப்புறம் நடை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரைமணி நடக்கும் இலக்கோடு பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாளானது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கித் தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முதுகுவலிக்குத் தரையில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டுமா? மெத்தை ஆகாது என்கிறார் அப்பா.
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: அப்படிக் கட்டாயமில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரைக் கடினமான மெத்தையிலும், நடுத்தரமான மெத்தையிலும் படுக்கவைத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். பாயில் படுத்து உங்களுக்கு நல்ல தூக்கம் வந்தால் அதையும் மாற்ற வேண்டாம். குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் அப்பாவிடம் சொல்லிப் பிரித்து அடிக்கக் கொடுங்கள்.