கட்டிய காசைக் கேட்டால் வலயம் ஏன் கைவிரிக்கிறது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் மகளைச் சேர்த்து, அனுமதிக் கட்டணமும் முதல் தவணைக் காசும் கட்டினோம். விளம்பரத்தில் சொன்ன விஞ்ஞான ஆசிரியர் தவணை முடியும் வரை வரவேயில்லை. மகளை விலக்கிவிட்டோம், காசைத் தர மறுக்கிறார்கள். வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் “எங்களுக்கு அதிகாரமில்லை” என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், பரந்தன்

பதில்: உண்மைதான். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. அதனால் பின்னால் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிவாகின. அரச பாடசாலை அதிபரிடம் வலயக் கல்விப் பணிப்பாளர் விளக்கம் கேட்கலாம். கம்பனி முகாமையாளரிடம் அந்த அதிகாரம் செல்லாது. இவ்வளவு பிள்ளைகள் படிக்கும் இடங்களைக் கல்வி அமைச்சின் மேற்பார்வைக்கு வெளியே விட்டுவைத்திருப்பது பெரிய அநியாயம். பாராளுமன்றம் எப்போதோ இதைச் சரி செய்திருக்க வேண்டும்.

சரி, காசுக்கு என்ன வழி? அது கம்பனி என்றால் நீங்கள் பாவனையாளர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். “அடுத்த கிழமை பார்ப்போம்” என்று பாடசாலை இழுத்தடிக்கும்போது கரைவது இந்த மூன்று மாதம்தான், ஆகவே இன்றே எழுதுங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபை அலுவலரிடம் கொடுக்கலாம், 1977க்கு அழைத்தும் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பற்றுச்சீட்டு, சேர்க்கைப் படிவம், ஆசிரியரின் பெயரோ பாடமோ அச்சிட்ட அந்தத் துண்டுப்பிரசுரம். பிரசுரம்தான் முக்கியம், அவர்கள் கொடுத்த வாக்கு அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் திகதி தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டு வையுங்கள். “கட்டிய பணம் மீளளிக்கப்படமாட்டாது” என்று பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தாலும் பின்வாங்காதீர்கள். சொன்ன ஆசிரியரைத் தரவில்லை என்பதே உங்கள் வாதம். பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை.

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் ஓர் அரச பாடசாலையில் முதலாம் வகுப்பு அனுமதிக்கு “நன்கொடை” கேட்கிறார்கள். பற்றுச்சீட்டும் இல்லை. கொடுக்க வேண்டுமா?
– ஒரு தந்தை, மல்லாவி

பதில்: வேண்டாம். இது மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள மாகாணப் பாடசாலை என்றால் வலயத்துக்கு அதிகாரம் உண்டு. துணுக்காய் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதி, பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ள தேசிய பாடசாலை என்றால் அமைச்சுக்கே எழுத வேண்டும். அனுமதிக்காகக் கேட்கும் காசு இலஞ்சம், இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதிபரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.