ஓடுபாதையும் ஒரு பூட்டும்

அன்புள்ள ஐயா,
தனியார் ஜெட் ஒன்று ஓடுபாதையைத் தாண்டிப்போய் வேலியில் மோதிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அத்தனை கோடி கொடுத்து வாங்கும் விமானத்துக்கு பிரேக் பிடிக்காதா? ஓடுபாதையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் தீராதா?
– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீட்ட இடமில்லாத ஊர்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓடுபாதை முடிகிற இடத்தில், சக்கரம் ஏறினால் நொறுங்கும் மென்கான்கிரீட் கட்டிகளைப் பதிக்கிறார்கள். சேற்றில் இறங்கிய மாட்டுவண்டிபோல விமானம் அதில் புதைந்து நின்றுவிடும். 2006-இல் கலிபோர்னியாவின் பர்பாங்கில் ஒரு ஜெட் அப்படித்தான் நின்றது.

ஆனால் நீளத்தையோ பிரேக்கையோ குறைசொல்ல முடியாத விபத்தும் உண்டு. 2014 மே 31 இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பெட்ஃபோர்ட். பத்திரிகை அதிபர் லூயிஸ் காட்ஸ் ஏறிய கல்ஃப்ஸ்ட்ரீம் என்ற தனியார் ஜெட் புறப்படுகிறது. ஓடுபாதை 7,011 அடி, தாராளம். வேகம் கூடுகிறது, மூக்கு எழவில்லை.

காரணம் ஒரு பூட்டு. நிறுத்திவைத்த விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் தகடுகளைக் காற்று அடித்து ஆட்டாமலிருக்கப் போடுவது. எஞ்சினைக் கிளப்பும்முன் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தகடுகள் அசையாது, மூக்கும் எழாது. எடுத்தோமா என்று அறிய, கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும், இடமும் வலமும் கடைசிவரை அசைத்துப் பார்த்தால் போதும். சில நொடி வேலை. (வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். வீட்டில் சிரிப்பார்கள்.)

பூட்டு போட்டிருக்கிறது என்று விமானி திரும்பத் திரும்பச் சொல்வது குரல்பதிவில் இருக்கிறது. முதல்முறை சொன்ன சுமார் 11 நொடிக்குள் ஓட்டத்தைக் கைவிட்டிருந்தால் தளத்திலேயே நின்றிருக்கும் என்றது விசாரணை. அவர்களோ ஓடிக்கொண்டே பூட்டை விடுவிக்கப் பார்த்தார்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பிறகு பிரேக் பிடித்தது, பாதைதான் மிச்சமில்லை. வேலியை உடைத்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விமானிகள் கற்றுக்குட்டிகள் அல்லர், நீண்ட அனுபவமுள்ளவர்கள். விமானத்தின் பதிவுக் கருவியைத் துருவியபோது, முந்தைய 175 புறப்பாடுகளில் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்தது 2 முறை மட்டுமே என்று தெரிந்தது. மற்ற 173 முறையும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வினை.

பிறகு வேறு தனியார் ஜெட்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். 1,43,000-க்கும் மேற்பட்ட பயணங்களில் ஏறக்குறைய 18 சதவீதத்தில் சோதனை அரைகுறை, அல்லது இல்லவே இல்லை.

அன்புடன்.