வேலை கேள்வி – பதில்: பெரிய கம்பெனி இன்டர்வியூ

கேள்வி: ஆன்லைன் கோடிங் தேர்வில் கொடுத்திருக்கும் மாதிரி உதாரணங்களுக்கு என் புரோகிராம் சரியாக ஓடுகிறது. சப்மிட் செய்தால் 15 டெஸ்ட் கேஸில் 9 மட்டுமே பாஸ். எங்கே தப்பு?
– வாசகர், திருப்பூர்

பதில்: பெரும்பாலும் விடை தப்பாக இருக்காது, வேகம்தான் போதாமல் இருக்கும். கேள்வியின் அடியில் 'உறுப்புகள் 1,00,000 வரை' என்பதுபோல ஒரு வரம்பு தந்திருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள். நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம் (பைத்தானில் இதைவிட நன்றாகவே குறையும்). லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) இன்னொரு லூப் போட்டால் லட்சம் பெருக்கல் லட்சம், அதாவது 1,000 கோடி செயல்கள். 100 நொடி ஆகும். அதையே வரிசைப்படுத்திவிட்டுத் தேடினால் சுமார் 17 லட்சத்தில் முடிந்துவிடும். வரம்பு 20 என்று சிறியதாக இருந்தால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம். மொத்தமே 10 லட்சத்துச் சொச்சம்தான்.

கண்ணுக்குத் தெரியாத லூப்களும் உண்டு. பைத்தானில் ஒரு மதிப்பு லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டால் அது தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். 'செட்' என்ற தொகுப்பில் வைத்துக் கேட்டால் சராசரியாக ஒரே படியில் விடை வரும். லிஸ்டின் முதல் உறுப்பை நீக்கினாலும் மீதி அத்தனையும் ஓரிடம் நகரும். அங்கே 'டெக்' (deque, இரு முனையிலும் சேர்க்கவும் நீக்கவும் வசதியான வரிசை) பயன்படுத்துங்கள்.

வேகம் சரியாக இருந்தும் ஃபெயில் ஆகிறதா? காலி லிஸ்ட், ஒரே ஒரு உறுப்பு, எல்லாம் ஒரே எண், எதிர்ம எண்கள் என நான்கையும் ஓட்டிப் பாருங்கள். ஜாவாவில் 'இன்ட்' என்ற முழு எண் வகை 2,14,74,83,647-ஐத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும். பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பதில் இந்த ஆபத்து இருக்கிறது. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்து 2006-ல்தான் வெளியே வந்தது. முனைகளின் வித்தியாசத்தில் பாதியை இடது முனையோடு கூட்டினால் பிரச்சினை இல்லை.

கேள்வி: அமேசான் இன்டர்வியூவில் கோடிங்கை விட 'நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்' என்ற கேள்விகளில்தான் திணறுகிறேன். எப்படித் தயாராவது?
– வாசகி, சேலம்

பதில்: அங்கே 16 தலைமைப் பண்புகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அது அவர்களுடைய தளத்திலேயே இருக்கிறது. கேள்விகள் அதிலிருந்துதான் வரும். வேறு டீமிலிருந்து 'பார் ரெய்சர்' ஒருவரும் வருவார். ஆள் அவசரத்தில் டீம் தரத்தைக் குறைத்துவிடாமல் பார்ப்பது அவர் வேலை.

நம் பிள்ளைகள் சறுக்குவது 'நாங்கள்' என்ற சொல்லில். 'நான்' என்றால் தற்பெருமை என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். ஆனால் கேட்பவர் உங்கள் பங்கை மட்டும்தான் குறித்துக்கொள்ள முடியும். 'பக்கம் மெதுவாக இருந்தது, சரிசெய்தோம்' என்றால் அவருக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. 'டேட்டாபேஸில் இன்டெக்ஸ் இல்லை என்று லாக் பார்த்துக் கண்டுபிடித்தேன்; சேர்த்ததும் 4 நொடி அரை நொடியானது' என்று சொல்லுங்கள். சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் ஏழெட்டு அனுபவங்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தோற்ற வேலை ஒன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும், அதைக் கேட்பார்கள்.

கேள்வி: நான்கு மாதம் மட்டும் பார்த்த வேலையை ரெஸ்யூமில் விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பதிவில் அந்த நிறுவனத்தின் பெயர் நிற்கும்; பின்னணிச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். குறுகிய வேலையை விட, மறைத்ததுதான் ஆஃபரை ரத்துசெய்ய வைக்கும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பி.எஃப். தொகை செலுத்தி இரண்டு மாதம் ஆனபின் பி.எஃப். தளத்தில் நீங்களே பதியலாம். சோதனை தொடங்குமுன் அதை முடித்துவிடுங்கள்.